1619-ல் இறங்கியவர்கள் கூலிகளா, அடிமைகளா?

வாசகர் கேள்வி, ஜூன் 2, 2024

அமெரிக்காவில் அடிமை முறை 1619-ல் தொடங்கியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அன்றைக்கு ஆங்கிலேயர் காலனியாக இருந்த வர்ஜீனியாவில் அடிமைச் சட்டம் என்று ஒன்றும் கிடையாது. வந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகள். சில வருடம் உழைத்துவிட்டு விடுதலையானார்கள். அவர்களில் ஒருவரான ஆண்டனி ஜான்சன் என்ற கறுப்பர்தான் அமெரிக்காவின் முதல் அடிமை உரிமையாளர். இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

ஜூன் 2, இரவு

முப்பத்தோரு வருடம் பத்திர எழுத்தராக இருந்தேன். இப்போது ஐந்து மாதமாக வர்ஜீனியாவில், நியூபோர்ட் நியூஸில், மகள் வீட்டில் இருக்கிறேன். அவர்கள் வந்து இறங்கிய இடம் இங்கிருந்து காரில் அரை மணி நேரம்கூட இல்லை. அதனால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

சட்டம் இல்லை என்பது சரி. அதனால் அடிமைகள் இல்லை என்பது சரியில்லை. பட்டா வருவதற்கு முன்பே நிலம் ஒருவர் அனுபவத்தில் இருக்கும். காகிதம் பின்னால் வரும்.

1619 ஆகஸ்ட் கடைசியில் ஒயிட் லயன் என்ற ஆங்கிலக் கப்பல் பாயிண்ட் கம்ஃபர்ட் முனைக்கு வந்தது. கடற்கொள்ளைக்கு உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு திரிந்த கப்பல் அது. அங்கோலாவின் லுவாண்டாவிலிருந்து மெக்சிகோவின் வெராகுரூஸுக்கு சுமார் 350 பேரை ஏற்றிச் சென்ற ஒரு போர்த்துகீசியக் கப்பலை வழிமறித்து, அதிலிருந்து ஒரு பகுதியினரைப் பிடித்து வந்திருந்தார்கள். புகையிலை பயிரிட்ட ஜான் ரால்ஃப் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் இது வருகிறது. 'இருபது சொச்சம் நீக்ரோக்கள்' என்கிறார். ஆளுநரும் தலைமை வணிகரும் உணவுப் பொருள் கொடுத்து அவர்களை வாங்கினார்கள் என்கிறார்.

அந்த 'வாங்கினார்கள்' என்ற சொல்லில்தான் நான் நிற்கிறேன். விற்றவர் உண்டு, வாங்கியவர் உண்டு, கிரயமாகக் கொடுத்த பண்டம் உண்டு. ஒப்பந்தக் கூலி என்றால் கூலியும் ஒரு தரப்பு. இங்கே அந்த இருபது சொச்சம் பேர் எந்தத் தரப்பிலும் இல்லை. பத்திரத்தில் 'சொத்து விவரம்' என்று கடைசியில் எழுதுவோமே, அந்த இடத்தில் இருக்கிறார்கள்.

ஜூன் 3

ஒப்பந்தக் கூலி என்றால் என்ன என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இங்கிலாந்தில் பிழைப்பு இல்லாதவர்கள் கப்பல் செலவுக்கு ஈடாக 4 வருடம், 5 வருடம், 7 வருடம் என்று உழைப்பை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஒரே தாளில் அதே வாசகத்தை இரண்டு முறை எழுதுவார்கள். நடுவில் பல்பல்லாக வளைத்து வெட்டி, எஜமானுக்கு ஒரு பாதி, கூலிக்கு ஒரு பாதி. நாளை தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். பல் பொருந்தினால் உண்மைப் பத்திரம், பொருந்தாவிட்டால் போலி.

இதைப் படித்தபோது கை பரபரத்தது. ஸ்டாம்ப் பேப்பரும் சாட்சிக் கையெழுத்தும் பார்த்தே பழகிய எனக்கு, வெட்டின தாளே சாட்சியாக நிற்கும் என்பது புதிது.

அந்தக் கூலிகள் பட்ட பாடும் சாதாரணமானதில்லை. அடி உண்டு, பட்டினி உண்டு, தவணை முடியும் முன்பே காய்ச்சலில் போனவர்கள் ஏராளம். ஆனால் கையில் பாதித் தாள் இருந்தது. அதில் ஒரு வருடக் கணக்கு இருந்தது.

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழித்து

1625-ல் வர்ஜீனியாவில் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. யார், என்ன வயது, எந்தக் கப்பலில், எந்த வருடம் வந்தார் என்று ஒவ்வொரு கூலிக்கும் எழுதியிருக்கிறார்கள். கூலிக்கு வந்த வருடம்தான் உயிர்நாடி, அதிலிருந்துதான் தவணை எண்ண வேண்டும். அதே கணக்கில் ஆப்பிரிக்கர் 23 பேர். அவர்களில் ஒருவருக்கும் வருடம் இல்லை, பெயரும் இல்லை.

வந்த தேதி எழுதாத ஆளுக்கு விடுதலைத் தேதி எப்படி எண்ணுவது?

ஜூன் 4

நேற்று எழுதியதில் தப்பு. 'ஒருவருக்கும் இல்லை' என்று எழுதியது அவசரம். பேத்தி பட்டியலைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டினாள். ஏஞ்சலோ என்ற பெண் 'டிரெஷரர்' கப்பலில் வந்தவர் என்று இருக்கிறது, ஜேம்ஸ்டவுனில் கேப்டன் பியர்ஸ் வீட்டில். அன்டோனியோ என்பவர் 1621-ல் 'ஜேம்ஸ்' கப்பலில் வந்ததாக இருக்கிறது. இப்படிச் சிலருக்கு உண்டு. பெரும்பாலோருக்கு இல்லை. ஆபிரகாம் பியர்சி என்ற அதே தலைமை வணிகர் வீட்டில் நான்கு ஆண்கள், ஒரு பெண், கைக்குழந்தையோடு இன்னொரு பெண் என்று வெறும் எண்ணிக்கைதான். 1619-ல் உணவுப் பொருள் கொடுத்து வாங்கியவரில் ஒருவர் இவர்.

வாதம் மாறவில்லை. ஆனால் 'ஒருவருக்கும்' என்ற சொல் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 6

இப்போது 1640-க்கு வருவோம். இந்த விவாதத்தில் இதைத் தாண்டி யாரும் போக முடியாது.

ஹ்யூ க்வின் என்ற தோட்ட முதலாளியிடமிருந்து மூன்று பேர் மேரிலாந்துக்கு ஓடினார்கள். விக்டர், டச்சுக்காரர். ஜேம்ஸ் கிரிகரி, ஸ்காட்லாந்துக்காரர். ஜான் பஞ்ச், கறுப்பர். மூவரும் பிடிபட்டார்கள். மூவருக்கும் ஆளுக்கு 30 கசையடி. முதல் இருவருக்கும் தவணைக்கு மேல் எஜமானுக்கு ஒரு வருடம், அது முடிந்ததும் காலனிக்கு மூன்று வருடம். ஜான் பஞ்சுக்கு இயற்கையான ஆயுள் முழுக்க.

ஒரே ஓட்டம், ஒரே குற்றம். தீர்ப்பில் காரணம் எதுவும் சொல்லவில்லை. மூன்றாமவன் நீக்ரோ என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வரியில் ஆயுளை எடுத்துக்கொண்டார்கள்.

கேள்வி கேட்டவர் பக்கம் ஒரு நியாயமும் இதில் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்க என்று தண்டனை கொடுத்தார்கள் என்றால், அதற்கு முன் பஞ்சுக்கு ஆயுள் கடமை இல்லை என்றுதானே ஆகிறது? ஆமாம். 1640 வரை ஒருவர் நிலை ஒருவரைப் போல இல்லை. சிலர் தவணையில் இருந்திருக்கிறார்கள், சிலர் வெளியே வந்திருக்கிறார்கள். வழி முழுக்க அடைபடவில்லை. அடைத்த கதைதான் இனிமேல்.

ஜூன் 6, தூங்கப் போகும் முன்

1661 சட்டத்தை எல்லோரும் 'முதல் அடிமைச் சட்டம்' என்று எழுதுகிறார்கள். அதன் வாசகத்தைப் பாருங்கள். 'காலத்தைக் கூட்டி ஈடு செய்ய இயலாத நீக்ரோக்களோடு' சேர்ந்து ஆங்கிலக் கூலி ஓடினால், அந்த நீக்ரோவின் இழந்த நாட்களையும் ஆங்கிலக் கூலியே உழைத்துத் தீர்க்க வேண்டும் என்கிறது.

ஏன் இயலாது? ஆயுள் முழுவதும் ஏற்கெனவே போய்விட்டது, அதற்கு மேல் கூட்ட நாள் இல்லை. இனிமேல் இவர்கள் அடிமைகள் என்று அந்தச் சட்டம் எங்கேயும் அறிவிக்கவில்லை. தெரிந்த விஷயம் போல, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. வழக்கம் முன்பே வந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஜூன் 9

எலிசபெத் கீ பற்றி எழுத மூன்று நாளாக உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

1630 வாக்கில் பிறந்தவர். அப்பா தாமஸ் கீ, ஆங்கிலேயர், வர்ஜீனியா சட்டமன்ற உறுப்பினர். அம்மா ஆப்பிரிக்கப் பெண், அடிமை. அப்பா சாவதற்கு முன் 1636-ல் மகளை ஹம்ஃப்ரி ஹிக்கின்சன் என்பவரிடம் 9 வருடத் தவணையில் ஒப்படைத்தார். தவணை முடிந்தால் சுதந்திரம். ஆனால் பெண் வேறொருவர் கைக்கு மாறினாள். அவர் செத்தபோது, 1655-ல், இவளை நீக்ரோ அடிமைகளின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 9 வருடம் என்றது 19 வருடம் ஆகியிருந்தது.

நார்த்தம்பர்லாண்ட் வட்டார நீதிமன்றத்துக்குப் போனார். வில்லியம் கிரின்ஸ்டெட் என்ற ஆங்கிலேய இளைஞர் அவருக்காக வாதாடினார். அவருக்கும் இவருக்கும் ஒரு ஆண் குழந்தையும் இருந்தது. வைத்த வாதம் மூன்று. என் அப்பா சுதந்திர ஆங்கிலேயர், ஆங்கில வழக்கப்படி பிள்ளை அப்பாவின் நிலையைத்தான் அடையும். நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள். என் தவணை எப்போதோ முடிந்துவிட்டது. வட்டார நீதிமன்றத்தில் வென்றார், மேல் நீதிமன்றத்தில் தோற்றார், சட்டமன்றக் குழு வரை போய் மறுபடி வென்றார். 1656-ல் விடுதலை. பிறகு கிரின்ஸ்டெட்டை மணந்துகொண்டார்.

படிக்கப் படிக்க சந்தோஷமாக இருந்தது. நானும் பேத்தியும் சமையலறையில் நின்றபடியே படித்தோம், அடுப்பில் பால் பொங்கியதைக்கூட கவனிக்கவில்லை.

அப்புறம் 1662 டிசம்பர். அதே சட்டமன்றம். ஆங்கிலேயனுக்கு நீக்ரோப் பெண்ணிடம் பிறக்கும் பிள்ளை அடிமையா சுதந்திரனா என்று சந்தேகங்கள் எழுந்திருப்பதால், என்று ஆரம்பிக்கிறது. இந்த நாட்டில் பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் தாயின் நிலைப்படியே அடிமை அல்லது சுதந்திரன் என்று முடிக்கிறது.

மனிதப் பிள்ளை அப்பாவைத் தொடரும் என்பது ஆங்கில நாட்டு வழக்கம். தாயைத் தொடரும் என்பது கால்நடைக்கு உள்ள விதி. கன்று யாருடையது? பசு யாருடையதோ அவருடையது. அந்த விதியை எடுத்துப் பெண்கள்மேல் வைத்தார்கள்.

இதன் பலன் என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். ஒரு எஜமான் தன் அடிமைப் பெண்ணைப் பலாத்காரம் செய்து பிள்ளை பிறந்தால் அது அவனுக்குச் செலவு இல்லை, வரவு. சொந்தப் பிள்ளையையே விற்கலாம், அடகு வைக்கலாம்.

ஜூன் 10

நேற்று விட்டது ஒன்று. பத்திரத்தில் நாங்கள் எழுதும் வாசகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' வாங்கியவரும் அவர் பிள்ளைகளும் பேரன்களும் அனுபவிக்கலாம் என்று பொருள். ஆயிரக்கணக்கான முறை எழுதியிருக்கிறேன்.

வர்ஜீனியா உயில்களில் அடிமைப் பெண்ணை மகளுக்கு எழுதி வைக்கும்போது 'அவளும் அவளுடைய வருங்காலப் பெருக்கமும்' என்று எழுதுவார்கள். பெருக்கம் என்றால் இன்னும் பிறக்காத பிள்ளைகள். எங்கள் வாசகத்தில் பாரம்பரியம் வாங்குகிறவர் பக்கம் மட்டும் இருக்கும். அங்கே சொத்துக்கும் பாரம்பரியம் இருந்தது. ஒருத்தியின் பேரப்பிள்ளைகளை இன்னொருத்தியின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரே வரியில் எழுதிவிடலாம்.

பேனா பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வரியை எழுதியவனும் என்னைப் போல ஒரு எழுத்தன்தான். கூலி வாங்கிக்கொண்டு எழுதியிருப்பான்.

ஜூன் 12

எலிசபெத் கீயின் மூன்று வாதங்களில் முதலாவதை 1662 அடைத்தது. இரண்டாவதை 1667 அடைத்தது. ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை நிலை மாறாது என்று சட்டம் போட்டார்கள். மதம் மாற்ற எஜமான்களுக்குத் தயக்கம் வரக்கூடாது என்று அதற்கு ஒரு நல்ல காரணமும் எழுதி வைத்தார்கள்.

1669-ல் இன்னொன்று. தண்டிக்கும்போது அடிமை செத்துப்போனால் அது கொலை ஆகாது. தன் சொத்தைத் தானே அழிக்க எவனும் திட்டமிட மாட்டான் என்பது காரணம். இதை மூன்று முறை படித்தேன்.

ஜூன் 12, மாலை

'இதெல்லாம் இனவெறியால் அல்ல, பொருளாதாரத்தால்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டையும் பிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் பொருளாதாரப் பக்கம் உண்மைதான். ஆரம்பத்தில் வந்தவர்கள் சீக்கிரம் செத்தார்கள். ஐந்து வருடத்தில் சாகக்கூடியவனுக்கு ஆயுள் விலை கொடுப்பது லாபமில்லை. ஒரு ஆளைக் கொண்டுவந்தால் 50 ஏக்கர் நிலம் கிடைக்கும் என்ற விதியும் இருந்ததால் கூலிகளை வரவழைப்பதே ஆதாயம். பிற்பாடு ஆட்கள் அதிக நாள் உயிரோடிருந்தார்கள், இங்கிலாந்திலிருந்து கூலிகள் வருவது குறைந்தது, அடிமைக் கப்பல்கள் பெருகின. 1671-ல் ஆளுநர் பெர்க்லி கொடுத்த கணக்கு: மொத்தம் 40,000 பேர், அதில் கூலிகள் 6,000, கறுப்பின அடிமைகள் 2,000. அடுத்த முப்பது வருடத்தில் தராசு அடிமைகள் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஜூன் 15

பேகன் கலகம். 1676. நதானியேல் பேகன் ஆளுநரை எதிர்த்துக் கிளம்பினார், செப்டம்பரில் தலைநகர் ஜேம்ஸ்டவுன் எரிந்தது. கூலிகளும் அடிமைகளும் தோளோடு தோள் நின்றார்கள். கடைசியில் ஆயுதத்தைக் கீழே போட மறுத்த கூட்டத்தில் 80 கறுப்பர்கள், 20 ஆங்கிலேயர்கள். ஏழைகள் நிறம் பார்க்காமல் சேர்ந்த நாள்.

அதைப் பார்த்துப் பெரிய தோட்ட முதலாளிகளுக்குக் குலை நடுங்கியது. அந்தக் கூட்டணியை உடைக்க வேண்டியிருந்தது. 1680-ல் கறுப்பர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு நகரக் கூடாது என்றார்கள். 1691-ல் கறுப்பரையோ பூர்வகுடியினரையோ மணக்கும் வெள்ளையர் மூன்று மாதத்தில் காலனியை விட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். எலிசபெத் கீயும் கிரின்ஸ்டெட்டும் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் கல்யாணமே நடந்திருக்காது.

1705-ல் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கினார்கள். அதிலிருந்து இரண்டு இடங்களை அருகருகே வைக்கிறேன். தவணை முடிந்த வெள்ளைக் கூலி ஆணுக்கு 10 புஷல் (ஒரு தானிய அளவு) மக்காச்சோளம், 30 ஷில்லிங் பணம், 20 ஷில்லிங் மதிப்புள்ள ஒரு துப்பாக்கி. அடிமைகள் வளர்க்கும் குதிரை, மாடு, பன்றி எதுவானாலும் பறித்து விற்று, அந்தப் பணத்தை அந்தத் திருச்சபை வட்டாரத்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். அதாவது ஒரு அடிமை ராத்திரியில் கண் விழித்து வளர்த்த பன்றி பக்கத்து வெள்ளை ஏழையின் தட்டுக்குப் போகிறது. இனி அந்த ஏழை யார் பக்கம் நிற்பான்?

அதே வருடம் இன்னொரு சட்டம் அடிமைகளை அசையாச் சொத்து என்று அறிவித்தது. நிலம், வீடு, கிணறு வரிசையில். ஓடக்கூடிய, பாடக்கூடிய, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஒருவரை அசையாச் சொத்து என்று எழுதியிருக்கிறார்கள். என் தொழிலில் அந்தச் சொல்லை நான் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். இனி முடியாது.

ஜூன் 16

பேகனைப் பற்றி நேற்று எழுதியதில் ஒரு பாதி விட்டுப்போயிற்று, அந்தப் பாதி முக்கியம். அந்தக் கலகம் கிளம்பியதே பூர்வகுடி மக்களின் நிலத்துக்காக. பேகனின் ஆட்கள் சண்டைக்கு வராத, நட்பாக இருந்த ஒக்கனீச்சி, பமங்கி மக்களைக் கொன்றார்கள். 'ஏழைகள் சேர்ந்த நாள்' என்று நான் எழுதியது அந்த எண்பது, இருபது பேருக்குப் பொருந்தும். மொத்தக் கலகத்துக்குப் பொருந்தாது.

ஜூன் 19

'இது அமெரிக்காக்காரன் பிரச்சினை, தமிழில் எதற்கு?' என்று ஒரு கேள்வி.

மூன்று விஷயம் சொல்கிறேன். 1635-ல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் தான் கொண்டுவந்த ஆட்களைக் காட்டி நிலம் கேட்ட பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. இதை வைத்து 'அமெரிக்காவின் முதல் தமிழர்' என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம்பாதீர்கள். பட்டியலில் இருப்பது அந்த இரண்டு சொல் மட்டும்தான், அதில் ஊரும் இல்லை மொழியும் இல்லை.

இரண்டாவது, துணி. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணி ஐரோப்பியக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே மனிதர்களுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. புதுச்சேரி நீலத் துணிக்கு செனகல் பக்கம் அவ்வளவு கிராக்கி. நெய்தவருக்கு இது தெரிய வழியில்லை. கூடவே எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவர். அவர் காலத்தில் கோட்டையிலிருந்து அடிமைகள் கப்பலேறினார்கள். அவர் 1718-ல் ஒரு கல்லூரிக்கு அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கு 562 பவுண்டுக்கு விற்றது, அதற்காகத்தான் அந்தக் கல்லூரிக்கு யேல் என்று பெயர்.

மூன்றாவது ஆளோலை. நம் பக்கத்திலும் 'நானும் என் வழியில் வருகிறவர்களும்' அடிமை என்று ஓலை எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் வர்ஜீனியாப் பத்திரத்தைப் படிக்கும்போது எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை.

ஜூன் 23

சட்டம் எழுதியவர்களின் சொல் சாமர்த்தியம் பற்றி. 1787-ல் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியல் சாசனம் எழுதினார்கள். அடிமைகள் உள்ள மாநிலங்களுக்கு நாடாளுமன்றத்தில் அதிக இடங்கள் கிடைக்க, ஐந்து அடிமைகளை மூன்று ஆட்களாக எண்ணும் விதி அதில் இருக்கிறது. ஓடிப்போனவரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. ஆனால் 'அடிமை' என்ற சொல் எங்கேயும் இல்லை. 'மற்ற ஆட்கள்' என்று ஒரு இடம். 'சேவைக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்டவர்' என்று இன்னொரு இடம்.

சொல்லக் கூச்சப்படுவதைச் சுற்றி எழுதிக் கொடுக்கச் சொல்லி என்னிடமும் கட்சிக்காரர்கள் வந்ததுண்டு. வில்லங்கம் உள்ள நிலமாக இருந்தால் எப்போதும் வாசகம் நீளும். அந்தச் சொல் சாசனத்துக்குள் முதன்முதலில் வந்தது 1865-ல், அதை ஒழித்த 13-வது திருத்தத்தில்.

அதே வாசகத்தை எதிர்ப்பக்கம் திருப்பியவர்களும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலம் 1780-ல் தன் சாசனத்தில் 'எல்லா மனிதரும் சுதந்திரராகவும் சமமாகவும் பிறந்தவர்கள்' என்று எழுதியது. எழுதப் படிக்கத் தெரியாத பெட் என்ற அடிமைப் பெண் அதைக் காதால் கேட்டார். எஜமானி அடுப்புக் கரண்டியைச் சூட்டோடு வீசியதில் கையில் தழும்பு வாங்கியவர். வக்கீல் வீட்டுக்கு நடந்து போய், அந்த வரி எனக்கும் பொருந்துமா என்று கேட்டு வழக்குப் போட்டார். 1781-ல் ஜூரி விடுதலை கொடுத்தது, 30 ஷில்லிங் நஷ்ட ஈடும் கொடுத்தது. அன்றிலிருந்து எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

ஜூன் 30

இன்று பாயிண்ட் கம்ஃபர்ட் போய் வந்தோம். இப்போது அங்கே மன்ரோ கோட்டை இருக்கிறது. கல் மதில், சுற்றி அகழி, அகழியில் கடல் நீர். உள்ளே ஒரு பழைய ஓக் மரம், கிளைகள் தரை வரை சாய்ந்து கிடக்கின்றன. கடல் பக்கம் காற்று உப்பாக வந்தது. 1619-ஐச் சொல்லும் பலகைக்கு முன்னால் ஒரு கறுப்பினக் குடும்பம் நின்றிருந்தது. பாட்டி படிக்க, சின்னப் பையன் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னான். நாங்கள் தள்ளி நின்று அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்தோம்.

இதே கோட்டைக்கு, அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய நேரத்தில், 1861 மே 23 இரவு மூன்று அடிமைகள் படகு துடுப்புப் போட்டு வந்தார்கள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட். எதிர்க்கரையில் தெற்கத்திப் படைக்கு, அதாவது அடிமை முறைக்காகப் பிரிந்துபோன மாநிலங்களின் படைக்கு, பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்தவர்கள். கோட்டை வடக்கத்திப் படை கையில். தளபதி பெஞ்சமின் பட்லர், தொழிலில் வக்கீல். மறுநாள் எஜமான் தரப்பில் ஒரு அதிகாரி வெள்ளைக் கொடியோடு வந்து, ஓடிப்போனவரைத் திருப்பிக் கொடுக்கும் சட்டப்படி கொடுங்கள் என்றார். வர்ஜீனியா தன்னை வேறு நாடு என்கிறது, என் நாட்டுச் சட்டம் வேறு நாட்டுக்குப் பொருந்தாது என்றார் பட்லர். அப்புறம் அவர்கள் சொல்லையே அவர்களுக்குத் திருப்பினார். இவர்கள் சொத்து என்றால், எதிரி போருக்குப் பயன்படுத்தும் சொத்தைப் பறிமுதல் செய்ய எனக்கு உரிமை உண்டு.

சுதந்திரம் என்று அவர் சொல்லவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். பறிமுதல் பொருள் என்றார். ஆனால் செய்தி பரவியது. இரண்டு மாதத்தில் சுமார் 900 பேர் கோட்டைக்கு வந்துவிட்டார்கள், பெண்களும் பிள்ளைகளுமாக. ஆகஸ்டில் அதற்கேற்ப அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு பறிமுதல் சட்டம் போட்டது.

இருநூறு வருடமாக யாராவது ஒரு வழியாக வெளியே போவார்கள், பின்னாலேயே ஒரு சட்டம் வந்து அந்த வழியை அடைக்கும். கீ, பஞ்ச் எல்லோர் கதையும் அதுதான். இந்த மூன்று பேர் போன வழியின் பின்னால் வந்த சட்டம் அதை அகலமாக்கியது.

ஜூலை 2

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, ஆண்டனி ஜான்சனைப் பற்றி நான் பதிலே சொல்லவில்லை என்கிறார். நியாயம்தான்.

1625 கணக்கில் பார்த்த அன்டோனியோதான் அவர். தவணையிலிருந்து வெளியே வந்து, மேரி என்ற ஆப்பிரிக்கப் பெண்ணை மணந்து, 1651-ல் 250 ஏக்கர் நிலம் பெற்றார். ஜான் கேசர் என்ற கறுப்பர் அவரிடம் வேலை செய்தார். கேசர் தன் தவணை முடிந்தது என்று பக்கத்துத் தோட்ட முதலாளியிடம் போய்விட்டார். ஜான்சன் வழக்குப் போட, 1655-ல் கேசரை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். கேசர் விஷயத்தில் ஜான்சன் செய்தது அநியாயம், அதை மறைக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் 'முதல் அடிமை உரிமையாளர்' என்பது தவறு. அதற்கு 15 வருடம் முன்பே ஹ்யூ க்வின் ஜான் பஞ்சின் ஆயுளை வாங்கிவிட்டார். அதற்கும் 21 வருடம் முன்பு ஆளுநரும் தலைமை வணிகரும் உணவுப் பொருள் கொடுத்திருக்கிறார்கள்.

கதை அங்கேயும் முடியவில்லை. ஜான்சன் குடும்பம் மேரிலாந்துக்குக் குடிபெயர்ந்தது, 1670-ல் அவர் இறந்தார். வர்ஜீனியாவில் விட்டுவந்த நிலம் பற்றி அங்கே ஒரு ஜூரி கூடியது. அவர் நீக்ரோ, ஆகவே அந்நியர், ஆகவே நிலம் அரசுக்குச் சேரலாம் என்று எழுதியது. நாற்பது வருடத்துக்கு மேல் அந்த மண்ணில் வாழ்ந்து, வரி கட்டி, நீதிமன்றம் ஏறி, மற்றொரு கறுப்பரையே கட்டி வைத்த மனிதரின் நிலத்துக்கு அந்தக் கதி.

1677-ல் அவருடைய பேரன் ஜான் ஜான்சன் மேரிலாந்தில் 44 ஏக்கர் வாங்கினார். நிலத்துக்கு ஒரு பெயர் வைத்தார்: அங்கோலா.